பத்து இராகங்களும் ஒரு பொத்தான் பெட்டியும்

மாளிகாவத்தைத் தொடர்மாடி வீடுகளுக்கு இடையே மாலை நேரத்தில் முச்சக்கர வண்டியொன்று வரும். அதன் பின்புறத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள்ளே பாணும் பணிசும் மாலுபாணும் அடுக்கப்பட்டிருக்கும். வண்டி கண்ணுக்குத் தெரியுமுன்னரே அதன் இசை காதுக்கு எட்டிவிடும். அது கேட்டதும் பிள்ளைகள் படிகளில் இறங்கி ஓடுவர். 'சூன் பாண்' என்று கொழும்பு மக்கள் அழைக்கும் அவ்வண்டியின் மெட்டு, ஜேர்மன் நாட்டு இசைமேதை பேத்தோவன் 1810ஆம் ஆண்டில் பியானோவுக்கென இயற்றிய 'ஃபூர் எலீஸே' என்னும் சிறு உருப்படியின் தொடக்கமாகும். ஆயினும், வண்டியில் பியானோவும் இல்லை, அதனை வாசிப்பாரும் இல்லை. நகமளவான மின்சுற்று ஒன்று சுரங்களை நினைவில் வைத்திருந்து, விசையை அழுத்தியதும் வரிசை பிறழாது ஒப்புவிக்கிறது.

இலத்திரனியல் இசை என்றால் ஏதோ மேல்நாட்டு நடன மண்டபங்களில் மட்டும் வழங்குவது என்று எண்ணியிருக்கும் நேயர்கள், அதனைத் தாம் நாள்தோறும் பாணுடன் சேர்த்து வாங்கி வருகின்றனர் என்பதை முதலில் நினைவிற்கொள்ள வேண்டும்.

இப்பொருள்பற்றிப் பேசுதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்பீராயின், ஒரு பிழை செய்தவன் என்னும் தகுதியே உண்டு எனலாம். நான் கலைப்பட்டதாரி, இசை பயின்றவன் அல்லேன். இப்பகுதியிலுள்ள அரசாங்கப் பாடசாலையொன்றில் அதிபராக இருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் எமது பாடசாலையின் கலைவிழாவுக்கு நிகழ்ச்சிகளைத் தெரிவு செய்துகொண்டிருந்தபோது, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையிலே தொலைபேசியுடன் வந்து நின்றான். தான் அதிலேயே ஓர் இசைத் துண்டு ஆக்கியிருப்பதாகவும், மேடையில் அதனை ஒலிக்கச் செய்ய வேண்டும் என்றும் கூறினான்.

"எந்த வாத்தியம் வாசிக்கிறாய், மகன்?" என்று கேட்டேன்.

"வாத்தியம் இல்லை சேர். இதிலதான் செஞ்சன். ஒருக்காக் கேட்டுப் பாருங்க சேர்."

நான் கேட்டுப் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்துவது வாசிப்பாகாது என்று கூறி, அவன் பெயரைப் பட்டியலினின்றும் நீக்கிவிட்டேன். அவன் முகம் எப்படி இருந்தது என்பதைக்கூட அப்பொழுது நான் கவனித்தவன் அல்லேன். அடுத்துச் சிலம்பாட்டக் குழு காத்துக்கொண்டிருந்தது.

அதன் பின்னர், இரண்டு ஆண்டுகள் கழிந்து, பம்பாய்க் கலைஞர் ஒருவரின் இசைத்தட்டைப் பற்றிக் கேள்வியுற்று, அதனைத் தேடிக் கேட்டேன். கேட்ட பின்னரே நான் சொன்ன தீர்ப்பு எனக்கு உறுத்தத் தொடங்கிற்று. அந்த இசைத்தட்டு எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதை எடுத்துரைப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

அக்கலைஞரின் பெயர் சரண்ஜித் சிங். 1940ஆம் ஆண்டிற் பிறந்தவர். பம்பாய்த் திரைப்பட உலகில் இசையமைப்பாளரின் பெயரைப் பலர் அறிவர். பாடகரின் பெயரை யாவரும் அறிவர். வாத்தியக் குழுவிலே பின்வரிசையில் அமர்ந்திருப்பவரின் பெயரையோ எவரும் அறியார். சரண்ஜித் சிங் அந்தப் பின்வரிசையைச் சேர்ந்தவர். பேஸ் கித்தாரும் எலெக்ட்ரிக் கித்தாரும் விசைப்பலகை வாத்தியங்களும் அவருக்குக் கைவந்தவை. ஆர். டி. பர்மன் இசையமைத்த 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா' என்னும் 1971ஆம் ஆண்டுப் படத்தில், 'தம் மாரோ தம்' பாடலில் வரும் டிரான்சிகோர்ட் என்னும் மின்வாத்தியத்தின் நாதம் அவருடைய விரல்களிலிருந்து பிறந்ததே. இவற்றோடு திரைப்பாடல்களை வாத்தியத்தில் மட்டும் வாசித்துச் சில இசைத்தட்டுகளையும் அவர் வெளியிட்டார். தம் பெயரில் ஒரு குழு அமைத்துத் திருமண வைபவங்களிலும் வாசித்து வந்தார்.

எமது வானொலியின் பழைய நேயர்களுக்கு இதில் ஓர் உறவு உண்டு. 1952ஆம் ஆண்டில் அமீன் சயானியின் குரலிலே தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' நிகழ்ச்சி, 1988 வரை இந்தக் கொழும்பிலிருந்தே இந்தியாவெங்கும் ஒலித்தது. அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைத் தள்ளிவைத்திருந்த ஐம்பதுகளில், பம்பாய்ப் பாட்டைப் பம்பாய்வாசிகளே இலங்கை வானொலி வழியாகக் கேட்டனர். ஆகவே பெயர் தெரியாத அந்தப் பின்வரிசைக் கலைஞர்கள் பலரின் கைவண்ணம் எமது டொரிங்டன் சதுக்கத்து நிலையத்தின் வழியே கடல் தாண்டிச் சென்றிருக்கிறது. நாம் அதனை வழியனுப்பி வைத்தவர்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பம்பாயைப் பிடித்திருந்த மோகம் டிஸ்கோ. 1980இல் 'குர்பானி' படத்தில் நாசியா ஹசன் பாடிய பாடல் அம்மோகத்துக்கு வாயில் திறந்தது. 1982இல் 'டிஸ்கோ டான்சர்' அதனை உச்சிக்குக் கொண்டுசென்றது. எங்கும் ஒரே அடி, ஒரே துள்ளல். திரைப்படங்களில் இத்தனை டிஸ்கோ இருக்கும்போது, அதனையே கொண்டு வேறொன்று செய்தாலென்ன என்று சரண்ஜித் சிங் சிந்தித்தார். அவருடைய எண்ணம் மிக எளியது: இந்துஸ்தானி இராகங்களை எடுத்துக்கொள்வது, தபேலாவை நிறுத்திவிடுவது, அதன் இடத்தில் டிஸ்கோ அடியை வைப்பது. அவரிடம் அப்பொழுது மூன்று யப்பானியக் கருவிகள் இருந்தன. மூன்றும் றோலண்ட் நிறுவனத்தார் செய்தவை. அவற்றின் இயல்பைச் சிறிது விளங்கிக்கொண்டாலன்றி அவர் செய்ததன் அருமை புலப்படாது.

வீணையில் ஒரு தந்தியை மீட்டினால் அது அதிர்கிறது; அதிர்வு குடத்தில் ஏறி, காற்றில் பரவி, எமது செவிக்கு வருகிறது. சிந்தசைஸர் என்னும் மின்னிசைக் கருவியினுள்ளே அதிர்வதற்குத் தந்தியும் இல்லை, தோலும் இல்லை. அங்கே மின்னோட்டமே ஒரு வினாடியில் இருநூறு தடவை, முந்நூறு தடவை என்று ஏறி இறங்குகிறது. ஒலிபெருக்கியின் கடதாசிக் கூம்பு மட்டுமே அந்த ஏற்ற இறக்கத்தைக் காற்றசைவாக்குகிறது. இவ்வாறு பிறக்கும் மூல நாதம் கேட்பதற்கு இனியதன்று; குளவி பாடுவதுபோல இருக்கும். ஆனால் அதனுள்ளே எல்லா மேற்சுரங்களும் அடங்கியுள்ளன. அவற்றுள் வேண்டியவற்றை விட்டு வேண்டாதவற்றை வடிப்பதற்கு ஒரு வடிகட்டி உண்டு. அதைத் திருப்பத் திருப்ப ஒரே சுரம் மந்தமாகவும் கூர்மையாகவும் மாறும்.

வீட்டிலிருந்து கேட்கும் நேயர்கள் இதனை இப்பொழுதே செய்து பார்க்கலாம். ஒரே சுருதியில் 'ஊ' என்று தொடங்கி, குரலை உயர்த்தாமல் 'ஆ' என்றும் பின்னர் 'ஈ' என்றும் மாற்றுங்கள். தொண்டையில் பிறக்கும் நாதம் மாறவில்லை. வாயின் வடிவமே மாறிற்று. உங்கள் வாய்தான் வடிகட்டி. சிந்தசைஸரின் திருகுகுமிழ் செய்வதும் இதுவே.

சரண்ஜித் சிங்கிடம் இருந்தவற்றுள் பெரியது ஜூப்பிட்டர்-8. 1981இல் வெளிவந்த இக்கருவியை அவர் சிங்கப்பூரில் வாங்கினார். அறுபத்தொரு கட்டைகளும், ஒரே வேளையில் எட்டுச் சுரங்களை எழுப்பும் ஆற்றலும் கொண்ட அது, அக்காலத்தில் பெருஞ்செல்வர்களின் கலையகங்களுக்கே உரியதாயிருந்தது.

மற்றையவை இரண்டும் சிறியன. டி. ஆர். 808 என்பது தாளப்பெட்டி. 1980 முதல் 1983 வரை செய்யப்பட்டது. பேரிகை, கைத்தட்டல், ஜால்ரா ஆகிய ஒலிகளை எவ்விதப் பதிவும் இன்றி மின்சுற்றாலேயே எழுப்பும். அதன் முகப்பில் பதினாறு பொத்தான்கள் ஒரு வரிசையில் உள்ளன. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களையும் இரண்டிரண்டாகப் பிரித்தால் பதினாறு வருமன்றோ? அவ்வாறே ஓர் ஆவர்த்தனத்தைப் பதினாறு கூறாக்கி, எந்தக் கூற்றில் எந்த ஒலி எழ வேண்டும் என்று பொத்தானை அழுத்தி வைத்துவிடலாம். முதலாம், ஐந்தாம், ஒன்பதாம், பதின்மூன்றாம் பொத்தான்களிற் பேரிகையை வைத்தால் அதுவே டிஸ்கோ. பெட்டி அதனைக் களைப்பின்றி அடித்துக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது கருவியான டி. பி. 303இன் கதை விசித்திரமானது. துணைக்கு ஆளில்லாமல் தனியே பயிற்சி செய்யும் கித்தார்க் கலைஞருக்குப் பேஸ் கித்தார் வாசிக்கும் இயந்திரத் தோழன் வேண்டும் என்ற எண்ணத்தில், தடாவோ கிக்குமோட்டோ என்னும் பொறியியலாளர் இதனை வடிவமைத்தார். இதிலும் பதினாறு கூறுகள் உண்டு. ஒவ்வொரு கூற்றுக்கும் ஒரு சுரத்தை எழுதி வைக்கலாம். ஆனால் பேஸ் கித்தாரின் குரல் இதற்கு வாய்க்கவில்லை. எழுதும் முறையோ பெருந்தொல்லை. வாங்குவாரின்றி, ஏறத்தாழ பத்தாயிரம் பெட்டிகளோடு, 1984இல் செய்வதையே நிறுத்திவிட்டனர். வணிகர் கணக்கில் இது தோற்ற பொருள்.

இத்தோற்ற பொருளில் ஒரு நுட்பம் மறைந்திருந்தது. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவாமல் வழுக்கிச் செல்லுமாறு அதற்குக் கட்டளையிடலாம். எமது சங்கீதத்தில் ஜாரு என்றும், வடநாட்டில் மீண்ட் என்றும் கூறப்படும் கமகத்தின் எளிய நிழல் அது. பேஸ் கித்தார்க்காரர் விரலைத் தந்தியிலே இழுப்பதைப் போலிசெய்ய வைத்த வசதி, இராகம் தெரிந்த ஒருவர் கைக்கு வந்ததும் வேறொன்றாகிவிட்டது. அந்தப் பெட்டியை ஆக்கியோர் பைரவத்தையோ லலித்தையோ கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இம்மூன்றையும் ஒன்றாக இயக்குவது எளிதன்று. இன்று எந்த மின்வாத்தியத்தையும் எந்தக் கணினியோடும் பேசவைக்கும் 'மிடி' என்னும் பொதுமொழி 1983இலேதான் உலகுக்கு வந்தது. சரண்ஜித் சிங் 1982இல் வேலை செய்தார். றோலண்ட் பெட்டிகள் அக்காலத்தில் தமக்குள் ஒரு கம்பியாற் பிணைக்கப்பட்டன. அக்கம்பி வழியே தாளத்தின் அடியொன்றுக்கு இருபத்துநான்கு துடிப்பு வீதம் செல்லும். ஒரு பெட்டி எண்ண, மற்றது பின்தொடரும். இவ்வாறு தாளத்தையும் கீழ்ச்சுர ஓட்டத்தையும் பெட்டிகளிடம் ஒப்படைத்துவிட்டு, ஜூப்பிட்டரின் கட்டைகள்மீது அவர் தம் கைகளால் இராகத்தை விரித்தார். வீட்டிலே நெடுநேரம் பழகிப் பார்த்து, சேர்க்கை நன்றாயிருப்பதைக் கண்ட பின்னரே பதிவுசெய்யத் துணிந்தார். பதிவோ மிகச் சில நாள்களுக்குள் முடிந்துவிட்டது. எச். எம். வி. முத்திரையுடைய இந்தியக் கிராமபோன் கம்பெனி அதனை வெளியிட்டது. 'சிந்தசைஸிங்: டிஸ்கோ அடிக்குப் பத்து இராகங்கள்' என்பது இசைத்தட்டின் பெயருக்கு நேரான தமிழ்.

நேயர்களுள் கருநாடக இசைப் பயிற்சியுடையோர், அப்பத்தினுள் பலவற்றை வேறு பெயரிலே நன்கு அறிவர். பூபாலி எமது மோகனம். பண்டைத் தமிழர் முல்லைப்பண் என்றது இதனையே என்பர். யமன் கல்யாணியின் உறவு. மால்கௌன்ஸ் இந்தோளம். கலாவதி எமது வலசி. பைராகி ரேவதி. மேக மல்ஹார் மத்தியமாவதியை நினைவூட்டும். மதுவந்தி தர்மவதியின் சாயலுடையது. தோடியில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. வடநாட்டார் தோடி என்பது எமது தோடியன்று, சுபபந்துவராளியின் சுரங்களையுடையது. தட்டிலே விடியற்காலத்து லலித்தும் உண்டு, நள்ளிரவுக்குரிய மால்கௌன்ஸும் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் அடி ஒன்றே. விடியலுக்கும் நள்ளிரவுக்கும் ஒரே வேகத்தில் பேரிகை முழங்குகிறது என்பதை நான் குறையாகவே கருதுகிறேன். இந்துஸ்தானி இசையிலே காலங்களைக் கடந்து மெல்ல மெல்லத் துரிதத்துக்கு ஏறும் படிமுறை இங்கே இல்லை. ஆறமர ஆலாபனை செய்யும் பொறுமையும் இல்லை. ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் அளவில் முடிந்துவிடுகிறது.

இன்னொரு குறையும் உண்டு, அது கருவிக்குரியது. ஆதார சட்சத்தை வினாடிக்கு 240 அதிர்வு என்று வைத்துக்கொண்டால், தம்பூராவின் நாதத்தோடு இழையும் தூய அந்தர காந்தாரம் 300 அதிர்வில் நிற்கும். விசைப்பலகையிலோ ஸ்தாயி பன்னிரண்டு சம கூறாக வெட்டப்பட்டிருக்கிறது. அங்கே அதே காந்தாரம் 302க்குச் சற்று மேலே நிற்கும். வித்தியாசம் நூலளவுதான், ஆயினும் பழகிய செவி அதனை அறியும். இக்காரணத்தாலும், சுரத்திலிருந்து சுரத்துக்கு இழைந்து செல்ல முடியாமையாலுமே ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் விலக்கி வைத்தது. மூன்று தசாப்தங்கள் கழிந்து 1971இலேதான் அத்தடை தளர்ந்தது. அதே ஆர்மோனியம் கோயிற் பஜனையிலும், நாடகக் கொட்டகையிலும், கவ்வாலி அரங்கிலும் எவர் அனுமதியும் கேளாமல் வாழ்ந்துகொண்டுதான் இருந்தது.

புதிய வாத்தியத்தை ஏற்பதில் எமக்குள்ள தயக்கம் விந்தையானது. வயலின் எமது கச்சேரி மேடையில் இன்று அமராத நாளில்லை. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர், ஐரோப்பியர் ஒருவரிடம் அதனைக் கற்று, எமது இசைக்குப் பழக்கினார். அஃது இருநூறு ஆண்டுக்கு முந்திய செய்தி. யு. ஸ்ரீநிவாஸ் சிறுவனாக எலெக்ட்ரிக் மெண்டலினைத் தூக்கிக்கொண்டு வந்ததும், கத்ரி கோபால்நாத் சக்சபோனில் கீர்த்தனை வாசித்ததும் எம் கண்முன்னே நிகழ்ந்தவை. ஆனால் ஒரு வேறுபாட்டை மறைத்தல் கூடாது. வயலினில் வில்லைப் போடுவது கை. மெண்டலினில் தந்தியைத் தட்டுவது கை. தாளப்பெட்டியிலோ கை எழுந்து போன பின்னரும் ஒலி தொடர்கிறது. அந்தப் பையனிடம் நான் கூறிய தீர்ப்புக்கு அடிப்படை இதுவே. அது முற்றிலும் பொருளற்றது என்று இப்பொழுதும் சொல்ல மாட்டேன். எனினும் கல்வெட்டை வெட்டியவன் போன பின்னரும் எழுத்து நிற்கிறது. அதனாலே எழுதியவன் இல்லையென்று ஆகுமா? பதினாறு பொத்தானில் எதனை அழுத்துவது, எதனை விடுவது, எந்தச் சுரத்தில் வழுக்குவது என்று தீர்மானிப்பதற்கு ஒரு செவி வேண்டும். அச்செவிக்கு நாற்பதாண்டு வாழ்க்கை வேண்டியிருந்தது சரண்ஜித் சிங்குக்கு.

தட்டு விற்கவில்லை. டிஸ்கோ விரும்பிகளுக்கு அதில் பாட்டில்லை. இராகம் விரும்பிகளுக்கு அதில் தபேலா இல்லை. அவர் மீண்டும் திருமண வைபவங்களுக்குத் திரும்பினார். ஜூப்பிட்டர் உறைக்குள்ளே சென்றது.

இனி நிகழ்ந்தது கதைபோல இருக்கும். டி. பி. 303 பெட்டிகள் அமெரிக்காவிலே பழைய பொருட் கடைகளில் அற்ப விலைக்குக் கிடந்தன. சிக்காகோ நகரத்து இளைஞர் மூவர், ஃபியூச்சர் என்னும் குழுவினர், அவற்றுள் ஒன்றை வாங்கினர். அதனை முறையாக இயக்கும் வகை அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாமலே குமிழ்களைத் திருப்பினர், பெட்டி ஊளையிட்டது, அவ்வூளை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. 1987இல் வெளிவந்த அவர்களது 'அசிட் டிராக்ஸ்' என்னும் இசைத்தட்டிலிருந்து 'அசிட் ஹவுஸ்' என்றொரு நடன இசை வகையே பிறந்து ஐரோப்பாவெங்கும் பரவிற்று. தோற்ற பெட்டி பொன்விலை பெற்றது.

2002ஆம் ஆண்டில், இந்தியத் திரையிசைத் தட்டுகளைத் தேடித் திரிந்த எடோ பௌமன் என்னும் ஒல்லாந்து நாட்டவர், டெல்லியில் சரண்ஜித் சிங்கின் தட்டைக் கண்டெடுத்தார். அதனைப் போட்டுக் கேட்டவர் திகைத்தார். சிக்காகோவில் 1987இல் பிறந்ததென்று உலகம் எண்ணியிருந்த அதே ஒலி, அதே பெட்டியிலிருந்து, ஐந்தாண்டுகளுக்கு முன்னரே பம்பாயில் எழுந்திருக்கிறது. அவர் பம்பாய் சென்று கலைஞரைக் கண்டுபிடித்து, 2010இல் தமது 'பொம்பே கனெக்ஷன்' நிறுவனத்தின் வாயிலாகத் தட்டை மறுபடி வெளியிட்டார். இது உண்மையாயிருக்க முடியாது, ஐரோப்பியக் கலைஞன் எவனோ புனைபெயரிலே செய்த குறும்பு என்றுகூடச் சிலர் எழுதினர். அசிட் ஹவுஸ் என்றால் என்னவென்றே சரண்ஜித் சிங் அறியார். தாம் செய்தது இராகம் வாசித்தது மட்டுமே என்பது அவர் நிலை.

நேயர்களே, இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அசிட் ஹவுஸை 'கண்டுபிடித்தவர்' என்று அவரைப் புகழ்வோர் உளர். அப்புகழ் எனக்கு உடன்பாடன்று. சிக்காகோ இளைஞர்கள் அவரைக் கேட்டவர்களல்லர்; அவர் வழியே அவர்கள் வழி தோன்றவும் இல்லை. மேல்நாட்டில் ஒன்று பெயர் பெற்ற பின்னர், அதற்கு முன்னோடி எம்மிடமும் இருந்தார் என்று மார்தட்டுவது எமக்குள்ள பழைய நோய். அந்தத் தட்டைச் சிக்காகோவின் முன்னுரையாகக் கேளாமல் மோகனமாகவும் இந்தோளமாகவும் கேட்டாலே அதன் சுவை தெரியும்.

எழுபது வயதைத் தாண்டிய நிலையில் அவர் ஐரோப்பிய மேடைகளில் அதே இராகங்களை வாசித்தார். எதிரே ஆயிரக்கணக்கான இளைஞர் ஆடினர். 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் மும்பையில் காலமானார். முப்பதாண்டு தாமதித்தாயினும் தம் செவியாலேயே கரவொலியைக் கேட்டுச் சென்றார்.

இந்தியாவிலே இவ்வகை முயற்சிக்கு இவர் தாமும் முதல்வர் அல்லர். 1969இலேயே அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மின்னிசைக் கலையகம் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. அமெரிக்கக் கலைஞர் டேவிட் டியூடர் மூக் என்னும் பெரிய சிந்தசைஸரை அங்கே அமைத்துக் கொடுத்தார். விண்வெளி விஞ்ஞானி விக்கிரம் சாராபாயின் சகோதரி கீதா சாராபாயும் வேறு சிலரும் அதிலே பரிசோதனைகள் செய்தனர். சில ஆண்டுகளில் கலையகம் ஓய்ந்தது; ஒலிநாடாக்கள் நிறுவனத்தின் சேமிப்பறையிலே அரை நூற்றாண்டு தூங்கின. போல் பர்கஸ் என்னும் ஆய்வாளர் அவற்றைக் கண்டெடுக்க, 2023இல் அவை இசைத்தட்டாக வந்தன. எமது மின்னிசை வரலாறு முழுவதும் யாரோ பின்னர் வந்து தூசு தட்டியதாகவே இருப்பதைக் கவனியுங்கள்.

அந்நாடாக்களிற் சிலவற்றைக் கேட்கும்போது, ஆடுவதற்கான இசையாக அவை தோன்றவில்லை. ஓர் அறையில் நிறைந்திருக்கும் வெளிச்சம்போல இருக்கின்றன. மேல்நாட்டார் இத்தகையதைச் சூழலிசை என்னும் பொருள்பட 'அம்பியன்ட்' என்பர். அப்பெயரை நிலைநாட்டியவர் ஆங்கிலேயக் கலைஞர் பிறையன் ஈனோ. 1975இல் விபத்தொன்றில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். நண்பர் ஒருவர் பழைய யாழிசைத் தட்டொன்றைக் கொடுத்துச் சென்றார். பெரும்பாடுபட்டு அதனை இயக்கிவிட்டுப் படுத்த பின்னர்தான் ஒலி மிகக் குறைவாக இருப்பது தெரிந்தது. எழுந்து கூட்டுவதற்கோ இயலவில்லை. வெளியே மழை. மழையின் ஓசைக்குள்ளே யாழின் சில சுரங்கள் மட்டும் தீவுகள்போலத் தலைகாட்டின. இசையை இவ்வாறும் கேட்கலாம் என்பது அவருக்கு அன்று தோன்றிற்று. 1978இல் 'விமான நிலையங்களுக்கான இசை' என்னும் தட்டை ஆக்கினார். அதன் ஒரு பகுதியில், பாடகியரின் ஒற்றைச் சுரங்கள் தனித்தனி நாடா வளையங்களிலே சுழல்கின்றன. ஒரு வளையம் 23½ வினாடிக்கு ஒரு தரம், இன்னொன்று ஏறத்தாழ 26 வினாடிக்கு, வேறொன்று ஏறத்தாழ 30 வினாடிக்கு எனத் திரும்பி வருகின்றன. கால அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமையால், சுரங்கள் சந்திக்கும் கோலம் ஒவ்வொரு தரமும் புதிதாக அமைகிறது. கோயில் மணியும் தெருவண்டியின் மணியும் தற்செயலாக ஒன்றுசேர்வதைக் கேட்டிருப்பீர்கள். அதனைத் திட்டமிட்டு நிகழவிட்டார் ஈனோ. தம்பூராவின் ரீங்காரத்தில் வளர்ந்த எமக்கு இது அத்துணை அந்நியமன்று.

இவ்வளவும் அறிந்த பின்னர் அந்தப் பையனைத் தேட நினைத்தேன். நினைத்ததோடு சரி. சென்ற மாதம் என் கைத்தொலைபேசி பழுதுபட்டது. பஞ்சிகாவத்தையில், வாகன உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே உள்ள சிறு திருத்தகம் ஒன்றுக்குக் கொண்டுசென்றேன். குனிந்து வேலை செய்துகொண்டிருந்த இளைஞன் நிமிர்ந்தான்; எழுந்து நின்றான். அவன்தான். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்திவிட்டானாம்.

"அன்றைக்கு ஒரு இசை கொண்டுவந்தாயே மகன், அது இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"அது அந்தப் போன்ல இருந்தது சேர். போன் தண்ணிக்குள்ள விழுந்துட்டு. எடுக்க ஏலாமப் போயிட்டு."

டெல்லிக் கடையொன்றில் இருபதாண்டு கிடந்த தட்டைக் கண்டெடுக்க ஒருவர் வந்தார். இதனைக் கண்டெடுக்க இனி எவரும் வர இயலாது. கேட்டிருக்கக்கூடியவன் நான் ஒருவனே, நான் கேட்கவில்லை. அதனை அவனிடம் கூறினேன். அவன் என்னைத் தேற்றுவான்போல, "அது அவ்வளவு நல்லா இல்ல சேர்" என்றான். அது உண்மையோ உபசாரமோ, எனக்குத் தெரிய வழியில்லை.

பின்னர், புதியதொன்று இருக்கிறது என்று சற்றுக் கூசியவாறே கூறி, மேசைமீதிருந்த சிறிய ஒலிபெருக்கியில் போட்டான். நாலு நிமிடம் இருக்கும். அடியில் ஒரு நீண்ட கம்மிய நாதம். மாளிகாவத்தைப் புகையிரத முற்றத்தில் பெட்டிகள் ஒன்றோடொன்று கொளுவும் ஓசையை இழுத்து நீட்டியதாம். அதன்மேல் தகரக் கூரையில் மழை. அவனுடைய உம்மாவின் தையல் இயந்திரம் தாளம்போல வந்து வந்து போயிற்று. கடைசியில், மிகத் தொலைவில், மிக மெதுவாக, பாண் வண்டியின் மெட்டு. எனக்கு அதன் சுரங்கள் ஏதோ இராகத்தைச் சேர்ந்தவைபோலத் தோன்றின. எந்த இராகம் என்று சொல்லும் ஞானம் எனக்கில்லை. மெட்டு முடிவதற்குள் சடுதியில் நின்றுவிட்டது.

"ஏன் மகன், இடையில் விட்டுவிட்டாய்?" என்றேன்.

"நான் விடல்ல சேர். வண்டி மற்றப் பக்கம் திரும்பிட்டு."